முப்பது என்று எழுதினேன், அருமை என்றார்கள்

இங்கே மெல்பனில், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், முதியோருக்காக நூலகம் நடத்தும் வகுப்பில், வாரம் ஒரு வலைப்பதிவு எழுதி, மற்றவர் பதிவுகள் இரண்டில் கருத்தும் இட வேண்டும். யோசித்து எழுதுவதாலும் கலந்து பேசுவதாலும் கற்கலாமாம். பக்கத்து இருக்கை மார்கரெட் அம்மையார் தன் பதிவில் தோட்டத்துக்கு எவ்வளவு உரம் என்று கணக்கிட்டிருந்தார். தசமப் புள்ளி இடம் மாறிக் கிடந்தது. கீழே பதினோரு பேர் "மிக அழகு" என்றிருந்தார்கள். நான் "விடை தவறு" என்று எழுதினேன். மறுவாரம் காபியோடு வந்து, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். கணக்கில்தான் பிரச்சினை என்றேன். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் செடிகள் என்ன ஆயினவோ.

நம் ஊர் இப்படியல்ல என்று நினைத்தேன். சங்கரன்கோவிலில் முப்பத்தொரு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் நான். அங்கே பேருந்து நிலையத்தில் டீ குடிப்பவன்கூட "அதெப்படி வே?" என்று மறித்துக் கேட்பான். அந்த நம்பிக்கையில் என் தமிழ் வலைப்பதிவில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தேன். எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே சாலையில் இருபதில் திரும்பினால் சராசரி வேகம் முப்பது என்று. திரும்பி வர இரண்டு மடங்கு நேரம் ஆகுமே. சரியான விடை இருபத்தேழைக்கூடத் தொடாது. முப்பத்தேழு கருத்துகள் வந்தன. முப்பத்தேழும் "அருமை ஐயா", கும்பிடும் கைகள். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

அவர்களில் ஒருத்தி முத்துச்செல்வி. இப்போது மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கணக்கு டீச்சர். அவளை அழைத்தேன்.

"ஏட்டி, தப்புன்னு தெரியலையா ஒனக்கு?"

"தெரிஞ்சுது சார். நாலு பேரு பாக்க சாரை எப்படி மறுத்து எழுதுவேன்?"

"சரி, வகுப்புல இந்தக் கணக்குக்கு என்ன சொன்ன?"

"பிள்ளைகளும் ஒங்க பதிவப் படிக்கும்லா, அதான் நீங்க எழுதினதத்தான் போர்டுல போட்டேன். ஒரு பிள்ளை எந்திரிச்சு, முப்பது வராது டீச்சர்ன்னா. சாரே எழுதியிருக்காவ, உக்காருட்டின்னுட்டேன்."

"இனி எந்திரிப்பாளா அவ?"

"தெரியல சார்."

"ஒன் போன அவகிட்ட குடு. அவளே எழுதட்டும்."

"ஏசுவாவ சார்."

"யாரை, என்னையா?"

"அவளைத்தான்."

மறுநாள் வந்தது அந்தக் கருத்து, 'முத்துச்செல்வி டீச்சர் வகுப்புப் பிள்ளை' என்ற பெயரில்: "சார், முப்பது தப்பு. வாரதுக்கு ரெம்ப நேரம் ஆகுதுல்லா." அதன் கீழே பெரியவர்கள் ஐந்து பேர். பெரியவரிடம் இப்படியா பேசுவது, வளர்ப்பு சரியில்லை, இன்னும் சொல்லக் கூசும் இரண்டு. மொழிபெயர்ப்புக் கருவியில் வாசித்த மார்கரெட் அம்மையார் தன் பங்குக்கு ஓர் இதயத்தைப் போட்டு, "மனம் தளராதீர்கள், உங்கள் முப்பதும் அழகுதான்" என்றிருந்தார்.

அந்த ஆறு கருத்துகளையும் நீக்கினேன். அங்கே மரியாதை, இங்கே கனிவு; இரண்டும் சேர்ந்து ஒரு கணக்கின் கழுத்தை நெரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வலைப்பதிவில் கற்கலாம்தான், மறுத்துச் சொன்னவளை விட்டுவைத்தால். "நீ சொன்னதுதான் சரி. அப்படியானால் விடை எவ்வளவு? எப்படி வந்தது என்று எழுது" என்று அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினேன்.

இங்கே குளிர்காலம்; ஐந்து மணிக்கே தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. மகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அங்கே பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி இன்னும் அடித்திருக்காது. அந்தப் பிள்ளை மறுபடி எழுந்து நிற்பாளா என்று தெரியாமல், எந்த ஊர்ச் சோற்றுக்கும் எழ மனமின்றி உட்கார்ந்திருக்கிறேன்.