ஐந்து முளையும் நான்கு ஸ்க்ரூவும்

பூட்டு விற்கும் கடைக்குச் சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களில் பாதிப் பேர் சாவியைத் தொலைத்தவர்கள், மீதிப் பேர் பொருளைத் தொலைத்தவர்கள்.

அறந்தாங்கியில் எனக்கு ஒரு சிறிய ஹார்டுவேர் கடை. ஆணி, கயிறு, பெயிண்ட் எல்லாம் உண்டு என்றாலும் எனக்குப் பிடித்த சரக்கு பூட்டுதான். 'பெரிய பூட்டு வாங்கினால் கொண்டி இனாம்' என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தேன். கொண்டி என்பது கதவில் பூட்டை மாட்டுகிற இரும்புப் பட்டை. இரண்டு வருடமாக எனக்கு ஒரு பொழுதுபோக்கும் சேர்ந்துகொண்டது. சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பார்ப்பது. உங்களில் யாருக்காவது மிக்ஸி பழுதுபார்க்கவோ கம்ப்யூட்டர் சரிசெய்யவோ தெரிந்து, அது தெருவுக்கும் தெரிந்துபோயிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

தோல் பை

பூட்டுக்குள் ஐந்து குட்டி முளைகள் வரிசையாக நிற்கும். சரியான சாவி ஒவ்வொரு முளையையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும். அப்போது சாவி நுழைகிற உருளை திரும்பும். சாவி இல்லாதவர் இதே வேலையை இரண்டு கம்பிகளால் செய்ய வேண்டும். ஒன்று உருளையை லேசாகத் திருப்பிப் பிடிக்க. மற்றது முளைகளைத் தூக்க. இவ்வளவுதான் விஷயம். நானோ ஆசையில் இருபத்துநான்கு கம்பிகள் கொண்ட ஒரு செட்டை ஆன்லைனில் வரவழைத்தேன். ரம்பம் மாதிரி ஒன்று, பாம்பு மாதிரி ஒன்று, எதற்கென்று இன்றுவரை எனக்கே தெரியாத சில. கடைசியில் கைக்கு ஒத்துவந்தது நுனி சற்றே வளைந்த ஒரு கம்பி மட்டும். திருப்பிப் பிடிக்கும் கம்பியைக்கூட, பழைய கார் வைப்பருக்குள் இருந்த எஃகுப் பட்டையை மடக்கி நானே செய்துகொண்டேன்.

பார்சலைப் பிரித்தவள் என் மனைவி ராஜேஸ்வரி. கறுப்புத் தோல் பை. உள்ளே வரிசையாகக் கம்பிகள். அட்டைப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, மூஞ்சிய மூடிக்கிற துணி தனியா வருமா?"

வெண்டைக்காய்

மூன்று வாரம் ஒரு பூட்டும் திறக்கவில்லை. நான் செய்த தப்பு, புதிதாகப் பழகுகிற எல்லோரும் செய்வது. திருப்பும் கம்பியைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். அப்படி அழுத்தினால் முளைகள் இறுகிக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. எங்கள் வீட்டு வாசல் பூட்டில் ஒரு கம்பி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட, சந்தையிலிருந்து காய்ப்பையோடு வந்த ராஜேஸ்வரி என்னோடு படியில் உட்கார வேண்டியதாயிற்று.

உட்கார்ந்த இடத்தில் அவள் வெண்டைக்காயை எடுத்து முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள். "ஒடிக்கிற கையி வேற, ஒடியுமான்னு பாக்குற கையி வேறங்க. நீங்க பூட்டுல ஒடிக்கிற கைய வக்கிறீங்க" என்றாள். ஒடிந்த துண்டை மெல்ல வெளியே எடுத்தேன். ஒரே விரலின் நுனியால், வெண்டைக்காய் நுனி வளைகிற அளவுக்கு மட்டும் அழுத்தினேன். முதல் முளை 'டிக்' என்று உட்கார்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தாவது உட்கார்ந்ததும் பூட்டு தானாகத் திறந்துகொண்டது போல வாயைப் பிளந்தது. அது நானே விற்கிற ரகம். ஊருக்கெல்லாம் 'யானை இழுத்தாலும் வராது' என்று சொல்லிக் கொடுத்த பூட்டு. ராஜேஸ்வரி காய்ப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இம்புட்டு நாளும் இத நம்பியா தூங்குனோம்?" என்றாள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பெட்டி

ஜெகதாப்பட்டினத்துக்குக் கயிறு கொண்டுபோய்க் கொடுத்த ஒரு மதியம். விசைப்படகுக்காரர் அந்தோணி தலையில் கைவைத்து நின்றார். படகுக் காகிதங்களும் ஆட்களின் அடையாள அட்டைகளும் ஒரு இரும்புப் பெட்டிக்குள். சாவி எங்கேயோ தண்ணீருக்குள். ஐஸ் ஏற்றியாகிவிட்டது, மற்ற படகுகள் கிளம்புகின்றன. காகிதம் இல்லாமல் போய்க் கடலில் யாராவது மறித்தால் என்ன நடக்கும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடைக்கலாம் என்றால், உடைத்த பெட்டிக்குள் அலைத்தண்ணீர் போய்க் காகிதம் கூழாகிவிடும்.

உப்புப் பிடித்த பூட்டுக்கு மெல்லிய கம்பி ஆகாது, வளைந்துவிடும். கூடவே வைத்திருந்த தோல் பையிலிருந்து கொஞ்சம் தடித்ததாக எடுத்தேன். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தேன். இங்கே விரல் நுனியும் போதாது. துரு பிடித்துக்கொண்டிருப்பதால் அழுத்துவதும் விடுவதுமாக, நாடி பார்ப்பது போலத் திருப்ப வேண்டியிருந்தது. பெட்டி திறந்தது. கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். சுற்றி நின்ற எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு அடி பின்னால் போனார்கள். அந்தோணி காகிதங்களை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நன்றிண்ணே. இனிமே இங்கிட்டு வர்றதா இருந்தா ஒரு போன் போட்டுட்டு வாங்க."

உடையாத பூட்டு

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் பாண்டியம்மாள். கணவர் குவைத்தில். ஒருமுறை பாண்டியம்மாள் சாவியைத் தொலைத்துவிட, தெருவே பார்க்க நான் கம்பிகளை வைத்து அவர் வீட்டைத் திறந்துவிட்டேன். அதோடு நம் கடையிலேயே பெரிய பூட்டாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். போன மாதம் குளத்தூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினார். பூட்டு தொங்கியபடி தொங்கியது. வழக்கம்போல மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியால் திறந்தார். உள்ளே பீரோ பிளந்து கிடந்தது. கணவர் வாங்கி அனுப்பிய இரண்டு வளையல்களையும் காணவில்லை.

பூட்டில் ஒரு கீறல் இல்லை. அப்படியானால் இரண்டே பேர்தான். ஒன்று, சாவி வைத்திருக்கும் பாண்டியம்மாள். "தாய் வீட்டுக்குப் போனேல்ல, அங்க குடுத்துட்டியா?" என்று குவைத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. இன்னொன்று, சாவியே தேவைப்படாத நான். தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் வந்ததும் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நான்கு நாளாகக் கடையில் ஒரு பூட்டும் விற்கவில்லை. தோல் பையோடு வரச் சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் என் தோல் பை விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒடிந்தது போக இருந்த இருபத்துமூன்று கம்பிகளையும் விரலால் எண்ணிக்கொண்டு அவர் கேட்டார்: "பொழுதுபோக்குக்கு ஊருல கேரம்போர்டு இல்லையா சார்?"

நீலப் பெயிண்ட்

கதவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கூட்டிப் போனார்கள். பூட்டின் துளையை டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பி நுழைந்திருந்தால் முளையில் மெல்லிய கோடாவது விழுந்திருக்கும். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் கண் பூட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனது.

பொங்கலுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் கொண்டியை விலக்கிவிட்டா அடிக்கிறார்கள்? கதவு, கொண்டி, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து ஒரே நீலம். ஆனால் கொண்டியின் நான்கு ஸ்க்ரூவிலும் தலையில் உள்ள பள்ளத்தில் மட்டும் நீலம் இல்லை. புது ஐந்து ரூபாய்க் காசு மாதிரி மின்னியது. வந்தவன் பூட்டைத் தொடவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் நான்கையும் கழற்றி, பூட்டோடு சேர்த்துக் கொண்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறான். வேலை முடிந்ததும் திரும்ப முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பாண்டியம்மாள் இழுத்துப் பார்த்த மூன்று இழுப்புக்கும் அது அசையாமல் இருந்திருக்கிறது.

நல்ல கொண்டி என்றால் மூடியதும் ஸ்க்ரூக்களை மறைத்துவிடும். இது மறைக்காத ரகம். மலிவு ரகம். நான் இனாமாகக் கொடுத்தது. சப்-இன்ஸ்பெக்டர் நான்கு ஸ்க்ரூவையும் போட்டோ எடுத்துக்கொண்டார். கையோடு கொண்டுவந்திருந்த என் பையை என்னிடம் நீட்டியவர், தன் வீட்டம்மாவுக்குப் போன் போட்டார்: "ஏய், நம்ம கதவுல கொண்டிய யாரு மாட்டுனா? ஸ்க்ரூ வெளிய தெரியுதா, உள்ளயா? போயி பாத்துட்டுச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."

இனாம்

வளையல் இன்னும் கிடைக்கவில்லை. மறுநாள் அட்டையைக் கழற்றினேன். கொண்டி இனாமாகக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு முடுக்குகிற கொண்டியாக மாற்றத் தொடங்கினேன். முதல் வீடு பாண்டியம்மாளுடையது. அவர் போனில் வீடியோ போட்டு, கழற்றிய பழைய கொண்டியைக் கணவருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி புள்ள, தப்பா கேட்டுப்புட்டேன்" என்பது எனக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தெரு கேட்கிற மாதிரிதான் சொன்னார், கோபமே இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை: "நீங்க பூட்டத் தொறக்கலண்ணே, அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. கதவத்தான் தொறந்து குடுத்திருக்கீங்க."

ஐந்து முளைகளையும் மயிரிழை பிசகாமல் தூக்க இரண்டு வருடம் பழகிய எனக்கு, பூட்டு எதில் தொங்குகிறது என்று பார்ப்பதற்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் தேவைப்பட்டது.