கடல் தாண்டிக் கேட்ட மைக் செட்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. பாட்டு ஓடினால் தூக்கம் போச்சு என்பார்கள், நின்றால் விசேஷமே போச்சு என்பார்கள். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கணவர் தொடங்கிய கடை. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்த நான், அவர் காலமான பிறகு ஆம்ப்ளிஃபயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே என்றைக்காவது தூங்க முயன்றவர்களே, நீங்களும் நானும் ஒரே நோய்க்காரர்கள்தான்.

இப்போது உள்ளூர் விசேஷங்களுக்குப் பெரிய பெரிய பெட்டிகளோடு டிஜே வந்துவிட்டது. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி வெளிநாட்டிலிருந்து. இங்கே பிறந்து எங்கேயோ போனவர்கள், இளமையில் கேட்ட பாட்டை எங்கள் செட்டில் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் மகன் மட்டும், செட்டை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு அங்கேயே வந்துவிடு என்கிறான். ஏழுமலை எங்கள் ஆபரேட்டர். அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. ஆடியில் கேட்ட மகனுக்குப் பொங்கலுக்குள் பதில் சொல்வதாகத் தவணை வாங்கினேன். முழங்கால் வலி போ என்றது; காது இரு என்றது. அதனால் வெளிநாட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும், அங்கே எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன்.

குவைத்தில் கூழ்

மானாம்பதி சேகர் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். ஆடியில் அவன் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளன்று எங்கள் செட்தான் வேண்டும் என்று அங்கிருந்தே ஏற்பாடு செய்தான். கூழ் பானை இறங்கியதும் போன் போட்டான். "போனைக் குழாய்க்கு நேரா புடிங்கக்கா, நான் கண்ண மூடிக்கினு கேக்கறேன்" என்றான்.

ஏழுமலை கையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நின்றான். அவனுக்கோ நெஞ்சுச் சளி. எங்களுக்குத் தெரியாத ஒன்று: பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்று இந்தப் போன்கள் சுற்றியிருக்கும் இரைச்சலை வடிகட்டிவிடுமாம். அம்மன் பாட்டை அது இரைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டது. பேச்சே இல்லாமல் போன் அப்படியே இருக்கிறதே என்று பதறி, வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன். சேகர் சொன்னான்: "பாட்டு சுத்தமா வர்லக்கா, ஏழுமல அண்ணன் இருமறதுதான் கேக்குது. வெச்சிடாதீங்க, அதுவும் நம்ம ஊரு இருமல்தானே!"

அக்கரையில் கேட்ட பாட்டு

அதற்குப் பிறகு பதிவு செய்து அனுப்பப் பழகினோம். பெருநகர்க்காரி மேரி அயர்லாந்தில் நர்ஸ். அப்பா அம்மா இருவரும் நாற்று நட்டுப் படிக்கவைத்த பெண். அவள் கேட்ட பாட்டைக் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஈ பறக்கிற சத்தம்கூட இல்லாமல் பதிவு செய்து அனுப்பினேன். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. "இவ்ளோ சுத்தமான பாட்டு என் போன்லயே கீது ஆன்ட்டி" என்று திருப்பிவிட்டாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் கல்யாணம் நடந்தால், பாட்டு ஆற்றைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்கு வருமாம். காற்று கொண்டுவந்து கொடுத்த வரி உண்டு. வழியில் கைநழுவவிட்ட வரியும் உண்டு. அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டும். அடுத்த மாதம் பெருநகருக்கு எதிர்க்கரையில் ஒரு மஞ்சள் நீர் விழா வந்தது. ஏழுமலை அங்கே செட்டை ஓட்ட, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து, பெருநகர்க் கரையில் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். பாட்டு வந்தது. ஒரு மாடு கத்தியது. காற்று திரும்பியது, பாட்டு போய்விட்டது, மறுபடி வந்தது. இத்தனை வருஷம் பாட்டை அதன் வாயருகே நின்று கேட்டவள் நான். அது போய்ச் சேரும் இடத்தில் நின்று கேட்டது அன்றுதான். அதை எனக்குக் காட்டியவள் மேரி. மறுநாள் அவளுடைய குரல் பதிவு வந்தது: "நடுவுல ரெண்டு வரி காணாமப் போச்சு பாருங்க ஆன்ட்டி, அங்கதான் எனுக்கு அழுகையே வந்துச்சு."

கேக்குக்கு முன் கற்பூரம்

எங்கள் தொழிலில் முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அடுத்தது அம்மனுக்கு. அதற்குப் பிறகுதான் காதல், டப்பாங்குத்து எல்லாம். ஏழுமலை உயிரே போனாலும் இதை மாற்றமாட்டான். அமெரிக்காவில் இருக்கும் உத்திரமேரூர்ப் பையன் ஒருவன், மனைவியின் பிறந்த நாளுக்கு அவள் கல்லூரிக் காலத்து ஆட்டப் பாட்டு ஒன்றை நம் செட் சத்தத்தோடு கேட்டான். ஏழுமலை வழக்கம் மாறாமல் பதிவு செய்து அனுப்பிவிட்டான். அந்தப் பையனும் கேட்டுப் பார்க்காமல், விளக்கை அணைத்து, விருந்தாளிகள் சூழ நிற்க, அப்படியே ஓடவிட்டிருக்கிறான்.

மறுநாள் அவன் மனைவி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, நான் கத்தியை எடுக்கறதுக்குள்ள எங்க மாமியார் கற்பூரம் ஏத்திட்டாங்க. வந்தவங்கல்லாம் ஷூவைக் கழட்டிட்டு வரிசையா நின்னு கும்பிட்டாங்க!" நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தால், அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டிருந்தாள். மாமியார் போனை வாங்கினார். நான்கு மாதமாக மகனோடு இருக்கிறாராம். என் வயதுதான். ஆகவே என் கேள்வியைக் கேட்டேன். "ஊடு நல்லா கீது, புள்ள நல்லா கீறான், மருமவ தங்கம்" என்றார். பிறகு, "ஆனா ஜன்னலத் தொறந்தா ஒரு சத்தம் இல்லம்மா. சத்தம் வித்துப் பொழச்சவ நீ, இன்னா பண்ணுவே?" என்றார்.

மகனின் பாட்டு

பொங்கல் வந்தது. அதற்குள் முழங்கால் ஜெயித்திருந்தது. மகனிடம் "வர்றேம்பா" என்று சொன்னேன். ஏழுமலையிடமும் சொல்லிவிட்டேன், அவன் ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கத் தொடங்கினான்.

இரண்டு நாள் கழித்து மகன் கூப்பிட்டான். பள்ளி நாட்களில் எங்கள் செட்டுக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்த பிள்ளை அவன். தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நேத்து கார்ல ஒரு பழைய பாட்டு கேட்டேம்மா. பாட்டு அதேதான், ஆனா ஏதோ இல்ல. நம்ம செட்டுல போட்டு அனுப்பறியா?" எந்தப் பாட்டு என்று சொன்னான். அவன் அப்பா கடை திறந்ததும் தினமும் செட்டைச் சோதிக்கப் போடும் பாட்டு அது.

ஏழுமலை பிள்ளையாரில் தொடங்கி முறைப்படி போட்டான். குழாயின் கரகரப்பு, வெளியே காஞ்சிபுரம் பஸ்ஸின் ஹாரன், என் வளையல் சத்தம் எல்லாம் பதிவில் விழுந்தன. அனுப்பினேன். கேட்டு முடித்ததும் அவனே கூப்பிட்டான். "செட்டைக் குடுத்துட்டியா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். "குடுக்காதம்மா. வெயில் காலத்துல வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போ, போதும். நீயும் இங்கயே வந்துட்டா, அங்கேர்ந்து எனக்கு யாரு பாட்டு போடுவா?"

பெற்ற பிள்ளையே வாடிக்கையாளனாகிவிட்ட பிறகு, கடையை மூட எந்த மைக் செட்டுக்காரிக்கு மனசு வரும்?