விளக்கை முழுங்கிய கேமரா

கேமரா சர்வீஸ் கடையில் அவளுக்குப் 'புள்ளி' என்றுதான் பேர். சும்மா வந்த பேர் இல்லை. கேமராவுக்குள் சென்சார் என்று ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. வெளிச்சத்தை வாங்கும் புள்ளிகள் அதில் கோடிக்கணக்கில். அவற்றில் நாலைந்து கெட்டுப்போய், கும்மிருட்டைப் படம் எடுத்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு மின்னும். பிடுங்கிப் போட வழியில்லை. லென்ஸை மூடி ஒரு படம் எடுத்து, எவையெல்லாம் மின்னுகின்றன என்று பார்த்து, 'இவன் பேச்சை நம்பாதே, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு நிரப்பிக்கொள்' என்று கேமராவுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில்தான் கோட்டை விட்டாள்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். அப்பாவுக்கு ஊருக்கு வெளியே மேட்டிலுள்ள பம்ப் ஹவுஸில் ராத்திரி ஷிஃப்ட். கல்யாணமான நாளிலிருந்து, வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். அம்மா மொட்டை மாடியில் நின்று பார்ப்பாள். போன் வந்த பிறகும் அந்தக் கூத்து நிற்கவில்லை. இப்போது மாடியேற முடியாமல் அம்மா சோறே சரியாக இறங்காமல் தவித்தாள். புள்ளிக்கு மனசு கேட்கவில்லை. கடையில் ஓரங்கட்டிய பழைய கேமரா ஒன்றை மேட்டைப் பார்த்து மாடியில் நிறுத்தி, கட்டிலருகே ஒரு திரையும் வைத்துக் கொடுத்தாள். அதன் சென்சாரில் கெட்ட புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லாமல், இருட்டில் தனியாக எது மின்னினாலும் தானே அழித்துவிடும் திருத்தத்தைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

பகலில் திரையில் மேடு தெரிந்தது. ராத்திரி விளக்கு மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா யாரிடமும் கேட்கவில்லை. காலையில் வீடு திரும்பிய மனுஷரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவர் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நான்தான் படுத்துட்டேன்ல. இனிமே யாருக்கு லைட்டு?”

“தினமும் போட்டுட்டுதான் இருக்கேன்.”

“கண்ணால பாக்கறேங்க நான். இதுல பொய் வேறயா?”

பாவம், அவளிடம் பொய்யே சொல்லத் தெரியாத மனுஷர். சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு இருட்டியதும் புள்ளி தானே மாடியேறினாள். மேட்டில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. தடதடவென்று இறங்கி வந்து பார்த்தால், திரையில் வெறும் இருட்டு. அவளுக்குச் சுரீரென்றது. சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒற்றை வெளிச்சம். கெட்ட புள்ளி என்று நினைத்து அப்பாவை அல்லவா தினமும் அழித்துக்கொண்டிருந்திருக்கிறது இந்தக் கேமரா.

“அம்மா, அப்பா மேல தப்பில்ல. எல்லாம் நான் பண்ணின வேலை” என்று விஷயத்தைச் சொல்லி, திருத்தத்தை நிறுத்தினாள். அரிசியை இறைத்த மாதிரி திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

“இதுல உங்கப்பா எதுடி?”

“அணைஞ்சு எரியறதுதான் அப்பா. மத்ததெல்லாம் அப்படியே நிக்கும்.”

“அவருக்குப் போன் போடு.” அம்மா போனை வாங்கிக்கொண்டாள். “ஏங்க, நான்தான். இன்னொரு தடவ போடுங்க. இப்ப பாக்கறேன்.”

அத்தனை புள்ளிகளுக்கு நடுவே ஒன்று அணைந்தது, எரிந்தது. அம்மா அதன் மேல் விரலை வைத்தாள். அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. மனுஷர் நிறுத்துகிற வழியாய் இல்லை.

“போதும்ங்க, பல்பு போயிடப் போகுது” என்றாள் அம்மா, அழுதுகொண்டே. சொன்னாளே தவிர, போனையும் வைக்கவில்லை, விரலையும் எடுக்கவில்லை.