நாற்றம் வராத தொட்டி

அறுபதுகளின் நடுவில், காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்த பெண்களில், நெல் ஊறவைக்கும் தொட்டிகளுக்குப் பொறுப்பு நான். பச்சைத் தண்ணீரில் மூன்று நாள் ஊற வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் எந்தத் தொட்டி பதமாகிவிட்டது என்பதை அந்த நாற்றத்தை வைத்துத்தான் சொல்வேன், தப்பியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பிறகு தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டு, மிச்சத்தில் நின்று நெல்லை வாரிப் போடுவோம். வாய்க்காலில் துணி துவைக்கிறவர்கள் எங்கள் பரம்பரையையே வாழ்த்துவார்கள். என் கால் விரல் இடுக்குகளில் புண் ஆறவே இல்லை. இப்படியே நின்றால் நடக்க முடியாமல் போகும் என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வீட்டில் உலை ஏறாது.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் லால்பேட்டை பாய் ஒருவர். என்ஜின் ஓடியபின் வீணாக வானத்துக்குப் போகும் ஆவியைக் குழாய் வைத்துத் தொட்டிக்குத் திருப்பலாம் என்றார் அவர். கூடுதலாக ஒரு கூடை உமிகூட எரிக்க வேண்டாம். காலையில் போட்ட நெல் சுடுதண்ணீரில் மத்தியானத்துக்குள் ஊறிவிடும், புளிக்க நேரமே இருக்காது என்றார். முதலாளி சிரித்தார். நெல் கெட்டால் நானே வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்று பாய் சொன்ன பிறகுதான் ஒரு தொட்டிக்குச் சம்மதித்தார்.

குழாய் மாட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. ஊறியதும் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு பாய் லால்பேட்டைக்கு ஜும்மா தொழுகைக்குப் போனார். நான் தொட்டி ஓரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நாற்றம் வரவில்லை. நாற்றம் வராமல் நெல் எப்படி ஊறும்? பாய் சொன்னதெல்லாம் காதில் விழுந்ததுதான். மூக்குக்கு அது எட்டவில்லை. தண்ணீரைத் திறக்காமலே இருந்தேன். பஸ் கிடைக்காமல் அவர் நடந்து வந்து சேர்ந்தபோது நெல் வாய் பிளந்து, உமிக்குள்ளேயே பாதி சோறாகிக் கிடந்தது.

முதலாளி கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"அந்தப் புள்ள மேல தப்பு இல்ல மொதலாளி. எப்ப தொறக்கணும்னு நான்தான் சரியா சொல்லாம போய்ட்டேன். இன்னும் ஒரே ஒரு தொட்டி குடுங்க."

இதுவும் கெட்டால் இரண்டு பேரும் கிளம்புங்கள் என்றார் முதலாளி.

மறுநாள் பாய் தொட்டியருகிலேயே நின்றார். அவரே பார்த்துத் திறந்திருக்கலாம். ஆனால் நெல்லை உரித்துக் கடித்துப் பார், நடுவில் வெள்ளை தெரியக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "நீ சொன்னா தொறக்குறேன் தங்கச்சி" என்றார். முதல் நெல்லில் வெள்ளை இருந்தது. நாலைந்து முறை கடித்த பிறகு, "தொறங்க பாய்" என்றேன். அந்த நெல் அவிந்து, காய்ந்து, அரைபட்டு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரிசி உடையாமல் வந்தது. முதலாளி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். மற்ற தொட்டிகளுக்கும் குழாய் போட ஆள் அனுப்பினார். சில மாதத்தில் என் கால் ஆறியது. அந்த மனிதரை நினைத்து இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

கெடுத்தவளிடமே போய் ஏன் கேட்டீர்கள் என்று ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டேன். பாய் உமி தள்ளுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"வேற யாரைக் கேக்குறது? தொட்டி உன்னுதுதானே."