அவசரம் இல்லாத முடிச்சு

தொடங்கும்போதே முடிவையும் எழுதிவிடுகிறார் தாட்சாயணி. திறக்கும் அடைப்புக்குறியைத் தட்டிய கையோடு மூடுவதையும் தட்டிவிட்டு, அப்புறம்தான் நடுவில் புகுந்து வேலை. "தொறந்துட்டு மறந்துட்டா யாரு அழுவறது?" என்று கூடவே ஒரு முணுமுணுப்பு.

ஆந்திர எல்லையில், நகரியில் விசைத்தறிக் குடும்பம். தினமும் ரயிலேறி ரேணிகுண்டா வருகிறார். ஆஸ்பத்திரிகளில் அடுத்து உள்ளே போகவேண்டியவர் பெயர் ஒளிருமே, அந்த மின்பலகை செய்யும் கம்பெனியில் சி மொழியில் நிரல் எழுதும் உத்தியோகம். காபியை ஆறவைத்துத்தான் குடிப்பார். சூடாகக் கொடுத்தால் கோபம் வரும்.

சி மொழி மகா கறார். ஒரு பெயரை எழுதினால் கடைசியில் சுழியம் வைத்து முடிச்சுப் போட வேண்டும். மறந்தால் இயந்திரம் பக்கத்துப் பெயரையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகும். எழுத்தை எண்ணுவதும் இடம் ஒதுக்குவதும்கூட நம் தலையில்தான். "எம்மாநாளு எண்ணிக்கினே கெடக்கிறது? மெஷினே எண்ணட்டும்!" என்று ஒரு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு நிரல் தொகுப்பை எழுதிவிட்டார். பெயர் 'சரம்'. ஒட்டு, வெட்டு, முடி என்று அதில் கட்டளைகள். 'முடி' தெலுங்கிலும் முடிச்சுதான் என்பதில் அம்மணிக்குத் தனிப் பெருமை.

புத்தூரில் ஒரு கிளினிக்கில் வெள்ளோட்டம். தேறினால் எல்லாப் பலகையிலும் சரம். இல்லையென்றால் பழைய குருடி கதவைத் திறடி.

முதல் நாளே மானம் போயிற்று. 'சந்திரம்மாமோகன்ராஜ்' என்று பலகை கூப்பிட, முன்பின் தெரியாத இருவரும் ஜோடியாக உள்ளே போய் டாக்டரிடம் திட்டு வாங்கினார்கள்.

முதலாளி தணிகாசலம் கொதித்துப்போய் வந்தார். "ஒரு வருசமா இன்னாத்தம்மா கட்டிக்கினு இருந்தே? கடாசு அத்த!"

தேடிப் பார்த்தால், முடிச்சுப் போடும் வரியையே காணோம். சரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்த பக்கத்து மேசை பவன்குமார் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு.

"அக்கா, அதும்மேல 'அவசரம் இல்ல'ன்னு நீங்கதானே குறிப்பு போட்டீங்க? அதான் எடுத்துட்டேன்."

அடக் கடவுளே! அந்த வரியை இன்னும் அழகாக்கலாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாட்சாயணி எழுதி வைத்தது அது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவையில்லாததை எந்த மனிதர் விட்டுவைப்பார்?

நானாக இருந்தால் அந்த நிமிஷமே பவன்குமாரைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்திருப்பேன். தாட்சாயணி முதலாளி பக்கம் திரும்பினார். "தப்பு நான் போட்ட குறிப்புல சார், சரத்துல இல்ல. ஒரு நாளு குடுங்க."

"நாளைக்கு ஒரு பேரு ஒட்டிக்கினாலும் சரத்தத் தூக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

தாட்சாயணி காணாமல்போன வரியைத் திரும்ப எழுதினார். அதன்மேல் குறிப்புப் போட வேண்டிய இடம் வந்ததும் விரல் நின்றது. பிறகு விசைப்பலகையைத் தூக்கிப் பவன்குமார் முன்னால் வைத்தார்.