கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு நடை

பெரிய விமான நிலையத்தின் வேலிக்குள்ளேயே பஸ் ஓட்டுகிறவர் அவர். விமானம் நிற்கும் இடத்திலிருந்து கட்டடம், கட்டடத்திலிருந்து விமானம். பதினேழு வருஷமாக இதே பாதை. "பூமிய நாலு சுத்து சுத்தியிருப்பேன், வேலியத்தான் தாண்டல" என்பார். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அவர் கணவரும் மகளும்கூட ஏறியதில்லை. அங்கே எல்லோருக்கும் அவர் பஸ் அக்கா.

சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர்கள் பன்னிரண்டிலிருந்து குட்டி விமானங்கள் இங்கேதான் வரும். அந்த ஊர்க்காரர் உலகத்தில் எங்கே போவதானாலும் இங்கே இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். ஆனால் பெரிய விமானங்களுக்குத்தான் கட்டடத்தை ஒட்டிய இடம். குட்டி விமானத்தைக் கொண்டுபோய்க் கடைசி நிறுத்தத்தில் விடுவார்கள். பெரிய விமானத்தில் வந்தவரின் நிமிஷத்துக்கும் சின்ன விமானத்தில் வந்தவரின் நிமிஷத்துக்கும் அறுபது வினாடிதான். இதை அக்கா மூன்று முறை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று முறை பதில் வந்திருக்கிறது.

அன்று காலை, மேகமூட்டத்தால் முக்கால் மணி நேரம் தாமதமாக ஒரு குட்டி விமானம் வந்து நின்றது. ஐம்பத்தெட்டுப் பேர். இருக்கைக்கு மேல் அடங்காத பைகளை விமானத்தின் வயிற்றிலிருந்து எடுத்து, படியடியில் வைத்துத்தான் கொடுப்பார்கள். எல்லோரும் பையோடு பஸ்ஸில் ஏறிமுடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் பஸ் கிளம்பலாம். ஒரு விமானத்துக்கு ஒரே நடை என்பது சட்டம்.

முதலில் இறங்கி ஓடிவந்தவர் நாற்பது வயதுக்காரர். கப்பல் சமையல்காரர். இரண்டு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஒரு கப்பலில் இடம் கிடைத்திருந்தது. துறைமுகத்து ஊருக்குப் போகும் விமானத்தின் வாசலை இன்னும் பதினெட்டு நிமிஷத்தில் மூடிவிடுவார்கள். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும்.

"என் நேரமே சரியில்லக்கா" என்றார் அவர், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"உங்க நேரத்துக்கு ஒண்ணுமில்லண்ணே. விமானத்தக் கொண்டாந்து கோடியில நிறுத்தியிருக்காங்க, அவ்வளவுதான். இருங்க வரேன்."

அக்கா ஐந்து படி ஏறி விமானத்துக்குள் தலையை நீட்டினார். பணிப்பெண் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தாள்.

"அடுத்த விமானம் பிடிக்கிறவங்க கையத் தூக்குங்க."

சமையல்காரரைத் தவிர எட்டுக் கைகள்.

"இவங்க முதல்ல இறங்கட்டும். கீழ நிக்கிற அண்ணன் கப்பலப் பிடிக்கணும். மத்தவங்க கால் மணி நேரம் இங்கேயே உக்காந்திருப்பீங்களா? நான் திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப நாங்கல்லாம் இளிச்சவாயனுங்களா?" என்று நடுவரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"உக்காருங்க மாமா" என்றாள் பக்கத்திலிருந்த அவருடைய மருமகள். "சீக்கிரம் வீட்டுக்குப் போய் நீங்க என்ன கப்பலா ஓட்டப் போறீங்க?"

சிரிப்பு எழுந்தது. பெரியவரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒன்பது பேரின் பைகளை முதலில் எடுத்துப் போடச் சொல்லி, அக்கா பஸ்ஸைக் கிளப்பினார். வயர்லெஸ் கத்தியது. கண்காணிப்பாளர்.

"அக்கா, ரெண்டு நடை அடிக்கக் கூடாது. விளக்கம் எழுதித் தரச் சொல்லுவாங்க."

"கப்பல்காரர் ஒருத்தர் துறைமுகத்து விமானத்தப் பிடிக்கணும் தம்பி. விளக்கம் எழுதித் தரேன். என் கையெழுத்து அழகாத்தான் இருக்கும்."

அங்கே மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது; அந்தச் சட்டத்தை அக்கா மீற மாட்டார், அதில் உயிர் இருக்கிறது. பாதி வழியில் ஒரு பெரிய விமானம் ஊர்ந்து குறுக்கே வந்தது. பஸ் நின்றது. சமையல்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். வால் நகர்ந்ததும் கிளப்பி, கட்டடத்து வாசலில் கதவைத் திறந்தபோது எட்டு நிமிஷம் மிச்சம்.

"கடவுள் மாதிரி வந்தீங்கக்கா!"

"அங்க நாப்பத்தொம்பது பேரு உக்காந்திருக்காங்க, அவங்கள நினைச்சுக்கிட்டே ஓடுங்க!"

ஒன்பது பேரும் ஓடினார்கள். பஸ் பாதை இத்தோடு முடிகிறது. யார் பிடித்தார்கள், யார் தவறவிட்டார்கள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அக்காவிடம் வந்து சொன்னதில்லை. அவர் வண்டியைத் திருப்பினார்.

கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது வயர்லெஸ் மறுபடி பேசியது. "அக்கா, ஒம்பது பேரும் ஏறிட்டாங்க. உங்க கப்பல்காரருக்காக நான்தான் வாசலுக்குப் போன் பண்ணி ரெண்டு நிமிஷம் பிடிச்சு வெச்சேன். விளக்கத்துல அதையும் சேத்து எழுதுங்க, தண்டனைய பாதியாப் பிரிச்சுக்கலாம்."

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி விமானத்தின் படியில் ஏறினார். திட்டு விழும் என்றுதான் நினைத்தார். முதலில் எழுந்தவர் அதே பெரியவர்.

"ஏம்மா, அந்தாளு விமானத்தப் பிடிச்சாரா இல்லையா?"

அக்கா ஒலிவாங்கியைத் தேடவில்லை. கடைசி வரிசைவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"பிடிச்சுட்டாரு! உங்க அத்தன பேருக்கும் ரொம்ப நன்றிங்க!"

நாற்பத்தொன்பது பேரும் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தார்கள். பெரியவர் மருமகளைத் திரும்பிப் பார்த்து, "நான்தான் முதல்லயே உக்காந்தேன்" என்றார்.