பாலைவனத்தாருக்குப் பேச்சு வராதாம்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பெரிய வாத்தியாரே ஒரு நாடகம் எழுதினார். பாலைவனத்தில் வழிதவறிய இளவரசனை அங்கே வாழும் ஜனங்கள் பிடித்து வைக்கிறார்கள், அவன் எல்லோரையும் வென்று திரும்புகிறான். பாலைவனத்தை அவர் பார்த்ததில்லை. போகட்டும், நாங்களும்தான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஜனங்களுக்குப் பேச்சே வராது, ஊ ஊ என்று கத்துவார்கள், பச்சை மாமிசம் தின்பார்கள், தாகத்தில் கிடப்பவன் தண்ணீர் கேட்டால் குடத்தை எட்டி உதைப்பார்கள் என்றெல்லாம் எந்தத் தைரியத்தில் எழுதினாரோ. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இளவரசன் வேஷம் நிலபுலன் உள்ள வீட்டுப் பையனுக்கு. பாலைவனத்து ஜனங்கள் நாங்கள் ஆறு பேர். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த மீனவர் குப்பத்திலிருந்து தினமும் படகேறி வந்து படித்தவர்கள். என் அக்காதான் கூட்டத்துக்குத் தலைவி. அவள் எட்டாவது, நான் மூன்றாவது. பொன்னேரியில் விடுதியில் தங்கி மேலே படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்குச் சிபாரிசுக் கடிதம் தர வேண்டியவரும் அதே பெரிய வாத்தியார்தான்.

ஒத்திகை முடிந்து படகில் திரும்பும்போது அக்கா பொருமுவாள்.

"பேச்சே வராதுன்னா, பெத்த புள்ளய இன்னான்னு கூப்டுவாங்களாம்?"

அதிலிருந்து அவளே அந்த ஜனங்களை உண்டாக்க ஆரம்பித்தாள். வீசுகிற காற்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் தனிப் பெயர் உண்டாம். கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஓர் ஊற்றுத் தோண்டுவார்களாம். ஒட்டகம் செத்தால் மூன்று நாள் யாரும் பாட மாட்டார்களாம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவள் கற்பனை செய்யவில்லை, எங்கள் வழக்கத்தையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். மணலைத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புகிறவர்கள் நாங்கள். அப்போது தாகமென்று யார் வந்து நின்றாலும் முதல் கொட்டாங்கச்சி அவருக்குத்தான். பேச்சுவார்த்தை முறிந்துபோன பங்காளியாக இருந்தாலும் அப்படித்தான்.

விழாவுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றின் மேனேஜர் தலைமை. மேடையில் இளவரசன் விழுந்தான், தண்ணீர் கேட்டான். அக்கா காலைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குடத்தைச் சாய்த்து, கையில் ஏந்திய தண்ணீரை அவன் வாயில் விட்டாள்.

"குடி. சண்ட அப்பால போட்டுக்கலாம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரை வெட்டுவது என்று தெரியாமல் இளவரசன் அட்டைக் கத்தியோடு விழித்தான். திரையை இழுத்துவிட்டார்கள்.

"குப்பத்து புத்தி. உனக்கெல்லாம் இன்னாத்துக்கு ஹைஸ்கூலு?" என்றார் பெரிய வாத்தியார், எல்லோர் முன்னாலும். கடிதம் வரவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா அம்மாவோடு இறால் கூடை சுமக்கப் போனாள். ஒரு குடத்தை உதைக்காததற்கு இவ்வளவு பெரிய தண்டனை.

விழா முடிந்த அன்று சாயங்காலம் படகில் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மேனேஜர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று கோபம்.

"இல்லாத ஜனங்களுக்கோசரம் எதுக்குக்கா இம்மாம் வீம்பு?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, வேஷத்துக்காக முகத்தில் பூசிய கரியை ஏரித் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். நான் கழுவவில்லை. எனக்குக் கரி அதிகம் பூசத் தேவையில்லை, வேஷம் இயல்பாகவே பொருந்துகிறது என்று பெரிய வாத்தியார் என்னைப் பாராட்டியிருந்தார். அம்மாவிடம் காட்டுவதற்காக அதை அழியாமல் பார்த்துக்கொண்டே வீடு வரை போனேன்.